எட்டுச் சொல் அல்பேர்ட்

வேலைக் கைப்பேசி கிணுங்கினால் நாலு வரி வரும். எந்த வார்டு, எந்த அறை, எங்கே கொண்டுபோக வேண்டும், நோயாளி பிறந்த ஆண்டு என்ன. அல்பேர்ட் அண்ணை கடைசி வரியைத்தான் முதலில் படிப்பார். "முப்பத்தெட்டாம் ஆண்டு. ஸாக்கேன்," என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, கட்டிலின் பிரேக்கைக் காலால் தட்டிவிடுவார். ஸாக்கேன் என்றால் பழைய எபிரேயத்தில் கிழவன்.

ஜெர்மனியில், பான் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் இருபத்துமூன்று வருடமாகக் கட்டில் தள்ளுகிறார். வார்டிலிருந்து எக்ஸ்ரேக்கு, எக்ஸ்ரேயிலிருந்து அறுவை அறைக்கு, அங்கிருந்து திரும்ப வார்டுக்கு. புறப்படுமுன் போர்வையை இழுத்து நோயாளியின் பாதங்களை மூடாமல் ஓரடி நகரமாட்டார். "கால் குளிர்ந்தால் மனிசருக்குப் பயம் கூடும்," என்பார். உண்மையா என்று எந்த டாக்டரையும் கேட்டதில்லை.

சைக்கிளில் விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்ட என்னையும் அவர்தான் தள்ளிப்போனார். பெயரைப் பார்த்துத் தமிழில் பேச்சுக் கொடுத்தார். பக்கத்துக் கட்டில்காரரை ஸாக்கேன் வகையில் சேர்த்தவர் என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லையே என்று ரோஷமாக இருந்தது. எனக்கு என்ன சொல் என்று கேட்டேன்.

"உங்களுக்கு அதிலை சொல் இல்லைப் பிள்ளை. எபிரேயத்திலை வயசுக்கெண்டு இருக்கிற எட்டுச் சொல்லும் பிறந்ததிலையிருந்து இளந்தாரி வரைக்குந்தான். பிறகு நேரை கிழவன். நடுவிலை கிடந்து மாரடிக்கிறவையைப் பற்றி ஒருத்தரும் கவலைப்படேல்லை."

வலியோடு வலியாகச் சிரித்தேன். கட்டு அவிழ்த்த பிறகு, புதன்கிழமை நாலு மணிக்குப் பல்கலைக்கழகத்தில் அவர் போகும் எபிரேய வகுப்புக்கு நானும் போகத் தொடங்கினேன். என் ஆய்வுக்கூட வேலைக்கும் எபிரேயத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வெளியாரும் உட்கார்ந்து கேட்கலாம் என்பதால், வகுப்பில் பாதிப்பேர் ஓய்வுபெற்ற ஜெர்மானியர்கள். காலை ஷிப்ட் முடித்து, முகம் கழுவி, கழுத்துப்பட்டி கட்டி வருகிற ஒரே ஆள் அல்பேர்ட் அண்ணை. முதல் வரிசையில்தான் உட்காருவார். தூக்கமும் முதல் வரிசையில்தான் வரும்.

அந்த எட்டுச் சொற்கள் வந்தால் மட்டும் தூக்கம் பறந்துவிடும். எனக்கு விளக்கியதும் அவர்தான். "அப்பதான் பிறந்தது யெலெத். பாலோடை கிடக்கிறது யோனேக். பால் காணாமல் சோத்துக்கும் சேர்த்து அழத் தொடங்கினால் ஓலேல். பால் மறந்தால் காமூல். தாயின்ரை சட்டையைப் பிடிச்சுக்கொண்டு தத்தித் திரிஞ்சால் தாஃப்." மீதி மூன்றும் வளர்ந்த பையன்களுக்கானவை. அவற்றை ரயில் நிலையங்களின் பெயர்களைப் போல வேகமாகச் சொல்லி முடித்துவிடுவார். முதல் ஐந்தில் இந்த மனிதருக்கு ஏன் இவ்வளவு கரிசனம் என்பது எனக்குப் பல மாதம் விளங்கவில்லை.

விளங்க வைத்தவர் அவர் மனைவி சுபானி அக்கா. இவர்களுடைய மகள் யதுசாவும் அவள் கணவன் துவாரகனும் ரைன் ஆற்றுக்கு அந்தப் பக்கம், போய்ல் பகுதியில் இருக்கிறார்கள். பெண் வீடு கிறிஸ்தவம், மாப்பிள்ளை வீடு சைவம். ஆண் குழந்தை பிறந்தது, பெயர் சேயோன். ஞானஸ்நானமும் வேண்டாம், கோயிலும் வேண்டாம், சேயோன் வளர்ந்து தானே முடிவுசெய்யட்டும் என்று இருவரும் சொல்லிவிட்டார்கள். பிறந்த இரண்டாம் நாள், பிரசவ வார்டில் வைத்து, அல்பேர்ட் அண்ணை வாயை விட்டார்: "ஞானஸ்நானம் குடுக்காத பிள்ளையை நான் தூக்கமாட்டன்."

தினமும் முன்பின் தெரியாத சிசுக்களைத் தொட்டிலோடு தள்ளிப்போகிற மனிதர். ஒன்றின் தாயிடமாவது ஞானஸ்நானம் ஆயிற்றா என்று கேட்டிருப்பாரா? பேரன் விஷயத்தில் மட்டும் கேட்டார். யதுசாவும் அவர் மகள்தானே. "தூக்காதேங்கோ அப்பா," என்றவள், பிறகு அவரைக் கூப்பிடவே இல்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் சுபானி அக்காவுடன் ட்ராமில் ஆற்றைத் தாண்டுவார். அக்கா மகளின் மாடி வீட்டுக்கு ஏறிப் போவார், அண்ணை கரையோரப் பெஞ்சில் இருப்பார். இறங்கி வந்ததும் விசாரணை தொடங்கும். பல் வந்துவிட்டதா, சோறு தின்கிறானா, எதைப் பிடித்து நிற்கிறான். "பதிலைக் கேட்டிட்டு வாய்க்குள்ளை ஏதோ ஒரு சொல்லு சொல்லுவார். எனக்கு அந்த மனிசனைக் கண்டால் கோவமும் வரும், அழுகையும் வரும்," என்றார் அக்கா. எனக்குக் கோபம்தான் அதிகம் வந்தது. ஒரு குழந்தை வளர்வதைச் செய்தியாகக் கேட்டு, அதற்குச் சொல் வைத்துக்கொண்டிருப்பது என்ன பிடிவாதம்!

போன நவம்பரில் ஒரு புதன்கிழமை. அலுமினியத் தாள் மூடிய பெரிய தட்டோடு வகுப்புக்கு வந்தார். உள்ளே நாற்பது மட்டன் ரோல்ஸ். ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்று, சாப்பிடச் சொல்லிக் கொடுத்தார். பிறந்தநாளா என்று கேட்டவர்களுக்கெல்லாம் இல்லை என்று தலையாட்டினார். சைவ உணவுக்காரக் கிழவர் ஒருவர் மரியாதைக்கு ஒன்றை எடுத்துக் கடதாசியில் சுற்றிக்கொண்டார்.

வகுப்பு முடிந்ததும் படிக்கட்டில் மறித்து, என்ன விசேஷம் என்றேன்.

"போன கிழமையோடை பால் மறந்திட்டானாம். காமூல் ஆகிட்டான்." தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அந்தக் காலத்திலை பிள்ளை பால் மறந்தால் ஊரைக் கூப்பிட்டு விருந்து வைப்பினமாம், வகுப்பிலை ரீச்சர் சொன்னவா எல்லே. எனக்கு ஊர் எண்டு இந்த வகுப்புத்தானே பிள்ளை இருக்கு. அதுதான் செய்தனான்."

நான் விடவில்லை. "விருந்து சரி அண்ணை. யாருக்காக வெச்சீங்களோ அவன் அங்க இருக்கான். மிச்சம் இருக்கே, வாங்க, போய்க் கொடுத்துட்டு வரலாம்."

"அவள் கதவைச் சாத்தினால்?"

"சாத்தட்டும். நீங்க பதினஞ்சு மாசம் சாத்தி வெச்சீங்களே!"

அடித்துவிட்டதுபோல் பார்த்தார். பிறகு அலுமினியத் தாளின் ஓரங்களை மறுபடி மடித்து இறுக்கினார். ட்ராம் ஆற்றைத் தாண்டும்வரை தட்டை மடியில் பிடித்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் மாடி, லிப்ட் இல்லை. தானாக அணையும் விளக்கு உள்ள படிக்கட்டு. நான்தான் மணியை அடித்தேன். யதுசா கதவைத் திறந்தாள். அப்பாவைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள். இடுப்பில் இருந்த பிள்ளையை மெல்லத் தரையில் இறக்கிவிட்டாள். அவன் அவள் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நான் தூக்கித் தரமாட்டன் அப்பா," என்றாள்.

"ஓம். நீ தரவேண்டாம். நான் சொன்னது பிழை." தட்டை என் கையில் திணித்துவிட்டு, வாசற்படிக்கு வெளியிலேயே முழங்காலில் இருந்து, இரண்டு கைகளையும் நீட்டினார். "வாங்கோ ராசா."

பிள்ளை வரவில்லை. யாரோ ஒரு மனிதர். முகத்தைத் தாயின் காலுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான். அல்பேர்ட் அண்ணை கைகளை மடக்கவில்லை. எவ்வளவு நேரம் போனதோ, படிக்கட்டு விளக்கு அணைந்துவிட்டது.

யதுசா எங்கள் பக்கம் எட்டி, சுவரில் இருந்த பொத்தானை அழுத்தினாள். வெளிச்சம் வந்தது. பிள்ளை எட்டிப் பார்த்தான், மறுபடி ஒளிந்தான். கைகள் நீட்டியபடியே இருந்தன. விளக்கு திரும்பவும் அணைந்தது. அவள் திரும்பவும் அழுத்தினாள்.