பருத்திப் படத்தில் ஒரு சிவப்புப் பூ

என் அக்காவுக்குப் காகிதத்தில் வரைந்த பழைய படங்களைச் சுத்தம் செய்யும் வேலை. கறை, பூஞ்சணம், பின்னால் வந்த மேதாவிகள் பூசிவிட்டுப் போன வண்ணம் எல்லாவற்றையும் ஈரப் பஞ்சால் ஒற்றி எடுத்துவிடுவாள். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு கல்லூரியின் பருத்திச்செடிப் படத்தில், சிவப்புப் பூச்சுக்கு அடியிலிருந்து ஒரு வெள்ளைப் பூவை மீட்டுக் கொடுத்தாள். அதற்குக் கிடைத்த பாராட்டுப் பத்திரம் அவள் மேசைக்கு மேலே சட்டம் போட்டுத் தொங்குகிறது.

போன கோடையில் ஓர் அருங்காட்சியகத்திலிருந்து இன்னொரு பருத்திப் படம் வந்தது. மொட்டு, காய், வெடித்த பஞ்சு, ஓரத்தில் பிளந்து காட்டிய விதை என்று அத்தனையும் அச்சு அசல். ஆனால் ஒரே கிளையில் ஒரு பூ வெளிர் மஞ்சள், பக்கத்துப் பூ சிவப்பு. சிவப்பை எடுத்துவிடச் சொல்லி அதிகாரி சீட்டு வைத்திருந்தார். கண்காட்சித் தேதியையும் அச்சடித்துவிட்டார்.

“பருத்திக்கு உழறதுக்கு முன்னாடியே தம்பிக்கு எட்டு முழமா?” என்றாள் அக்கா. பூதக்கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “அந்தப் படத்துலயும் சிவப்பு, இதுலயும் சிவப்பு. ரெண்டு எடத்துக்கும் ஒரே கிறுக்கனா போயிருப்பான்?”

“போன்ல தேடிப் பாரேன்.”

“பாத்தேன்டி. மஞ்சளும் இருக்கு, சிவப்பும் இருக்கு. ஒரே செடியில வருமான்னு கண்ணால பாக்கணும். தொடச்சிட்டா திரும்ப வராது.”

மாட்டுத்தீவனக் கடைக்குப் போய் ஒரு பிடி பருத்திக்கொட்டை வாங்கி வந்தாள். தொட்டியில் பத்து ஊன்றியதில் ஒன்றுதான் தேறியது. தினமும் அடிக்குச்சி வைத்து அளந்தாள். புடவையாகவே காய்க்கும் என்று காத்திருக்கிறாயா என்று நான் சீண்டினேன். இரண்டு மாதத்துக்கு மேல் ஓடியது. கண்காட்சி படம் இல்லாமலே நடந்து முடிந்தது. இனி வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக அதிகாரி போனில் கத்தினார். அவள் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டாள்.

ஒரு காலையில் வெளிர் மஞ்சளாக ஒரு பூ விரிந்தது. பிறகு குழப்பம் வரக் கூடாதென்று காம்பில் கறுப்பு நூல் கட்டினாள். மறுநாள் காலையில் நூல் அப்படியே இருந்தது. பூ மட்டும் சிவந்திருந்தது.

“அக்கா, படம் போட்ட ஆளு கண்ணால கண்டதைத்தான் வரைஞ்சிருக்காரு. நல்லவேளை, நீ தொடல,” என்று நான் குதித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. சுவரில் தொங்கிய பாராட்டுப் பத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது, வெட்கமாகிவிட்டது. அவள் உடனே அந்தக் கல்லூரிக்குப் போன் செய்து, விஷயத்தைச் சொல்லி, மன்னிப்புக் கேட்டாள்.

“பரவால்லைங்க, எங்க படத்துல அந்த வெள்ளைப் பூதான் அழகே,” என்றது மறுமுனைக் குரல்.

“அது பூ இல்லைங்க,” என்றாள் அக்கா. “வெறும் காகிதம். நான் தொடச்ச எடம்.”