நாலடியில் நின்றுபோன லென்ஸ்

பாவாவின் பழைய லென்ஸ் இப்போது என்னிடம் இருக்கிறது. உள்ளே சிலந்தி வலை மாதிரி பூஞ்சை. ஃபோகஸ் வளையம் நாலடிக் கோட்டில் இறுகிப்போய், என் பலத்துக்கு அசைய மறுக்கிறது. என் பலத்துக்கு ஊறுகாய் பாட்டில் மூடியே அசையாது என்பது வேறு விஷயம்.

பாவா என் அக்காவின் கணவர். பள்ளிப்பட்டுக்காரர், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். அதற்காகவே எங்கள் நைனா கல்யாண நாளிலிருந்து அவரோடு பேசவில்லை. பாவா வீட்டுக்குள் வந்தால் நைனா முகத்தைத் திருப்பிக் காலண்டரைப் பார்ப்பார். பேரனுக்கு மலைக்கோயிலில்தான் மொட்டை என்று அக்காவிடம் சொல்லியனுப்பினார்; பாவா மறுபேச்சில்லாமல் வந்தார். நைனா மடியில் பேரன் இருக்கிற மாதிரி ஒரு படம் எடுக்க வேண்டும், பாவாவுடைய ஆசை அவ்வளவுதான்.

நான் அப்போதுதான் சட்டைப்பையில் அடங்குகிற டிஜிட்டல் கேமரா வாங்கியிருந்தேன். பிரமாதமான ஜூம். முகத்தைக் கண்டால் தானே கட்டம் போடும். மலைமேல் சந்தனம் பூசிய மொட்டைகளில் முகம் எது, பிடரி எது என்று அது குழம்பி, கடைசியில் ஒரு தேங்காய்க்குக் கட்டம் போட்டது. ஆனாலும் மண்டபத்தின் இந்தக் கோடியில் நின்றபடி, அந்தக் கோடித் தூணருகே பேரனை மடியில் வைத்திருந்த நைனாவை அவருக்குத் தெரியாமலே எடுத்துவிட்டேன். காதுமுடிகூடத் துல்லியம். வேலை முடிந்தது என்று பாவாவிடம் திரையை நீட்டினேன்.

பார்த்துவிட்டு, “அவருக்குத் தெரியாம எடுத்தா அது இன்னா படம், மச்சான்?” என்றார். பையிலிருந்து தன் ஃபிலிம் கேமராவை எடுத்தார். அதிலிருந்த இந்த லென்ஸுக்கு ஜூம் கிடையாது. முகம் பெரிதாக வேண்டுமென்றால் நடந்துதான் போக வேண்டும்.

போனார். நின்று வளையத்தைத் திருகிப் பார்த்தார். போதவில்லை, மறுபடி நடந்தார். அக்கா பதற்றத்தில் குழந்தையின் காய்ந்த குல்லாவைப் போட்டுப் பிழிந்துகொண்டிருந்தாள். நைனா முகத்தைத் திருப்பினார். அங்கே காலண்டர் இல்லை.

“இன்னும் எவ்ளோ கிட்ட வருவ?”

“இன்னும் ரெண்டடி, மாமா.”

நைனா மூக்குக்கண்ணாடியில் கை வைத்தார். “கண்ணாடியக் கழட்டணுமா?”

“வேணாங்க மாமா. அப்டியே இருங்க.”

படமென்று பார்த்தால் சுமார்தான். பேரன் ஆடியதில் அவன் தலை வெறும் சந்தன உருண்டை. நைனா மட்டும் தெளிவாக, நேராக பாவாவைப் பார்க்கிறார். நான் எடுத்ததில் அவர் யாரையும் பார்க்கவில்லை. நைனா போன பிறகு சட்டம் போட்டு மாட்ட வீட்டில் எல்லோரும் கேட்டது பாவாவின் படத்தைத்தான். காதுமுடியை யாரும் கேட்கவில்லை.

என் கேமரா பேட்டரி உப்பி அலமாரியில் கிடக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை இந்த லென்ஸை மகளின் புதுக் கேமராவில் பொருத்திக்கொண்டு பாவா வீட்டுக்குப் போனேன். வளையம் அசையாததால், யாரை எடுப்பதானாலும் நாலடிக்குப் போயே ஆகவேண்டும். சர்ச்சிலிருந்து வந்த சட்டையோடு உட்கார்ந்திருந்தார். கிட்டப் போகப் போக எனக்குத்தான் கூச்சமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் மனிதரை நான் இவ்வளவு அருகில் பார்த்ததே இல்லை. தலை முழுக்க நரைத்திருந்தது.

பாவா மூக்குக்கண்ணாடியில் கை வைத்தார். “கழட்டணுமா, மச்சான்?”