எட்மண்ட் நன்றாகச் சாவார்

சிங்கப்பூர்த் தமிழ் டிவி நாடகத்தில் யாராவது சாக வேண்டுமா, கூப்பிடு எட்மண்டை. கார் மோதி, மாரடைப்பு வந்து, மருமகள் கலந்து வைத்த விஷத்தைக் குடித்து என்று மனுஷர் சாகாத சாவில்லை. மற்ற நாளில் சுவா சூ காங்கில் பஸ் ஓட்டுகிறவர். லீவு போட்டுப் போய்ச் செத்துவிட்டு மறுநாள் காலை ஷிஃப்டுக்கு வந்துவிடுவார். பஸ்ஸில் ஏறுகிறவர்கள், "அங்கிள், நேத்து டிவியில போயிட்டீங்களே!" என்பார்கள். "அடுத்த வாரம் போட்டோவுல வருவேன் லா, மாலையோட" என்பார் இவர்.

ஊரே பார்த்தது, கட்டின பெண்டாட்டி பார்க்கவில்லை. அவர் சாகிற கட்டம் வரப்போகிறதென்று மூக்கில் வேர்த்தால் போதும், உர்சுலா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். சாவுக்குப் பயந்தவளா அவள்? பங்குக் கோயிலைச் சேர்ந்த யாருக்காவது மூச்சு இழுக்கிறதென்று போன் வந்தால் முதல் ஆளாகப் போய் நிற்கிறவள். சாகிறவரின் காதருகே குனிந்து மனஸ்தாப மந்திரத்தை வரிவரியாகச் சொல்லிக்கொடுப்பாள். செய்த பாவத்துக்கு மனம் நொந்து ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்கிற ஜெபம் அது. கத்தோலிக்க வீட்டுப் பிள்ளைக்குத் தூக்கத்தில் தட்டிக் கேட்டாலும் வரும். சாகிறவர் பாதியில் விட்டால் சுற்றி நிற்கிறவர்கள் மீதியை முடித்து வைக்க வேண்டும். அந்தரத்தில் விடக்கூடாது.

"ஊரார் சாவுக்கு நிப்பேன். நீங்க பொய்க்குக் கூடச் சாகறத என்னால பார்க்க முடியாதுங்க. உங்களுக்கு முன்னாடி நான் போயிடணும்னு தினம் வேண்டிக்கிறவ நான்" என்பாள்.

எட்மண்டுக்கு அதுதான் ஆறாத குறை. ஊர் ஆயிரம் சொல்லட்டும், வீட்டில் இருக்கிற ஒருத்தி பார்த்துவிட்டு ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா?

அப்படி இருக்கும்போதுதான் மதுசன் வந்தான். டைரக்டராக அவனுக்கு இது முதல் சினிமா. பேர் 'சேற்றுத்தடம்'. அகில் கட்டை தேடி இரண்டு கூட்டாளிகள் மலேசியாவின் ஜொகூர்க் காட்டுக்குள் போகிறார்கள். ஒருவனைக் காட்டுப்பன்றி கிழித்துப் போடுகிறது. மற்றவன் கட்டையைத் தூக்கிக்கொண்டு, இவனைச் சாகட்டும் என்று விட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறான். அடிபட்டவன் ஊர்ந்து, தவழ்ந்து, கிடைத்ததைத் தின்று காட்டைவிட்டு வெளியே வந்து அவனைத் தீர்த்துக்கட்டுகிறான். இவ்வளவுதான் கதை. விட்டுவிட்டுப் போகிற துரோகி எட்மண்ட். ஆரம்பத்தில் கொஞ்சம், கடைசியில் ஒரு சாவு. ஆனால் டிவி சாவு இல்லை, பெரிய திரைச் சாவு!

கதாநாயகன் திலீப். அந்தப் பையனை ஒரு குறை சொல்ல முடியாது. படத்துக்காகப் பட்டினி கிடந்து விலா எலும்பு தெரிய இளைத்திருந்தான். லிம் சூ காங் புதரில் கொசு பிடுங்கித் தின்ன, வசனமே இல்லாமல் வெறும் மூச்சாலும் முனகலாலும் நடித்தான். பச்சை மீனைக் கடித்துக் காட்டியபோது மேக்கப் போடுகிற பெண் ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். நடிப்பென்றால் அது நடிப்பு.

சாவுக் காட்சியைச் சுவா சூ காங் இடுகாட்டைத் தாண்டி ஒரு சேற்று ஓடையில் எடுத்தார்கள். எட்மண்டுக்குக் கொடுத்திருந்த வசனம் சின்னது. "விட்டுடுடா, பாதி உனக்குத் தர்றேன்டா!" அதைப் பஸ் ஓட்டும்போதுகூட மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்தார். ஆனால் திலீப் அவரைச் சேற்றில் தள்ளி, கழுத்தில் முழங்காலை அழுத்திக் கத்தியை ஓங்கினானே, அந்தக் குழி விழுந்த கண்ணைப் பார்த்ததும் வசனம் போன இடம் தெரியவில்லை. இத்தனை காலம் ஏசி போட்ட ஸ்டூடியோத் தரையில் செத்த மனுஷர். சாவு நேரில் வந்து உட்கார்ந்தால் என்ன சொல்ல வேண்டுமென்று சின்ன வயதில் கற்றதை வாய் தானாகச் சொல்லிவிட்டது. மனஸ்தாப மந்திரம்!

மதுசன் யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பத்துப் பையன். அவனுக்கென்ன தெரியும்? "சூப்பர் அங்கிள்! என்னவோ முணுமுணுத்தீங்களே, பிரமாதம்!" என்றான். இன்னொரு தடவை எடுப்பதற்குள் மழை கொட்டியது. கடையைக் கட்டினார்கள்.

வினை எடிட்டிங்கில் வந்தது. போட்டுப் பார்த்த திலீப் குமுறிவிட்டான். "இவரைப் பார்த்தா எனக்கே பாவமா இருக்கு பிரதர். ஜபம் பண்றவரை நான் குத்துறேன். அப்ப நான்தானே வில்லன்? பச்சை மீனைத் தின்னதெல்லாம் இதுக்குத்தானா?" அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பழிவாங்கும் படத்தில் செத்தவனுக்காக ஜனம் உச்சுக் கொட்டினால் படம் படுத்துவிடும்.

மதுசன் எட்மண்டைச் சிராங்கூன் ரோடு பக்கம் ஒரு மாடியறைக்கு டப்பிங் பேசக் கூப்பிட்டான். "அந்த முணுமுணுப்பு மேலயே 'விட்டுடுடா'ன்னு பேசிடுங்க அங்கிள். பொருந்தலைன்னா உங்க முகத்தை வெட்டிட்டு, கத்தி இறங்குறதை மட்டும் வச்சுக்குவேன். சாரி."

எட்மண்ட் மைக் முன்னால் போய் நின்றார். முகம் இல்லாமல் ஒரு சாவா! முட்டி முட்டிப் பார்த்தார். வாய் குவிகிற இடத்தில் வசனம் விரிந்தது, விரிகிற இடத்தில் முடிந்தே போயிருந்தது. தொண்டை கட்டியதுதான் மிச்சம். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். கடைசியில் அவரைக் காப்பாற்றியது நடிப்பல்ல, மழை. கத்தியை மட்டும் தனியாக எடுத்த ஷாட்டில் லென்ஸ் முழுக்கத் தண்ணீர். வேறு வழியில்லாமல் மதுசன் முகத்தையே வைத்து, குரலை அமுக்கி, மேளச் சத்தத்தை ஏற்றிவிட்டான்.

படம் வெளியான ஞாயிறன்று, காலைப் பூசை முடிந்த கையோடு பங்கு ஜனம் இரண்டு வரிசை டிக்கெட் எடுத்து வந்தது. மானத்துக்குப் பயந்து உர்சுலாவும் வந்தாள். நடைபாதை ஓரத்து சீட்டாகப் பார்த்து உட்கார்ந்தாள், எழுந்து போக வசதியாக. எட்மண்ட் அதைக் கவனித்தார். கவனித்து என்ன செய்ய?

திலீப் ஊர்ந்து வந்தபோது தியேட்டரே அவனோடு ஊர்ந்தது. கடைசியில் அவன் எட்மண்டைச் சேற்றில் தள்ளியதும், "போடுடா அவனை!" என்று முன்வரிசையில் கத்தினார்கள். உர்சுலா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். எட்மண்ட் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவார்.

மேளம் காதைப் பிளந்தது. திரையில் சேறு அப்பிய வாய் அசைந்தது. மேளம் என்ன செய்யும்? நூறு காதருகே அதே ஜெபத்தைச் சொன்னவளுக்கு உதடு போதாதா? இரண்டடி வைத்த உர்சுலா நின்றாள். சாகிறவர் வாயில் மந்திரம் இருக்கும்போது விட்டுவிட்டுப் போகிற வழக்கம் அவளுக்கு இல்லை. திரையைப் பார்த்து நின்றபடியே சொல்ல ஆரம்பித்தாள். பின்வரிசையில் இருந்த கோயில் தோழி ஜோவன்னா சேர்ந்துகொண்டாள். பிறகு இரண்டு வரிசையும் சேர்ந்துகொண்டது. கத்தியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். திரையில் கத்தி இறங்கியது. இருட்டில் "ஆமென்" என்று முடித்தார்கள்.

வெளியே மதுசன் ஓடி வந்தான். "என்ன அங்கிள் இது, என்ன நடந்துச்சு?"

"செத்தேன் தம்பி" என்றார் எட்மண்ட்.

வீட்டுக்குப் போகும் ரயிலில் உர்சுலா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நன்றாக இருந்ததா என்று கேட்க இவருக்கு நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை.

"நடுவுல ஒரு வரி விட்டுட்டீங்க" என்றாள்.

"அவன் கழுத்துல முழங்காலை வச்சு அழுத்தினான்மா. வாயெல்லாம் சேறு."

"நான் சொல்லிட்டேன் அதை."

"கேட்டுச்சு."

அவள் கைப்பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ரயில் இரண்டு ஸ்டேஷன் தாண்டியது.

"நிஜத்துலயும் இப்படித்தான் நடுவுல விடுவீங்க" என்றாள். "நீங்களே எனக்கு முன்னாடி போயிடுங்க. நான் பக்கத்துல இருந்து முடிச்சு வைக்கிறேன்."