அம்மாவின் அடி தவறிய பட்டடை

செந்துறைப் பக்கம் எங்கள் கொல்லுப்பட்டறை இருந்த இடம் இப்போது சுண்ணாம்புக்கல் சுரங்கப் பள்ளம். அங்கிருந்த சாமான்களெல்லாம் அரியலூரில் சித்தப்பா வீட்டுக் கொல்லையில் கிடந்தன. போன மாதம் அவர் இறந்தபின் அவர் மகன் போன் செய்தான். "அக்கா, ரெண்டு பட்டடை கெடக்கு. உங்களுது எதுன்னு பாத்து எடுத்துக்கங்க."

இரும்பை வைத்து அடிக்கும் அந்தப் பட்டடைகள் இரண்டிலும் ஒரே துரு. மண்ணெண்ணெய் விட்டுத் தேய்க்கத் தேய்க்க எழுந்த இரும்பு வாடையில், பழுத்த இரும்பை அப்பா இடுக்கியால் பிடித்திருக்க, அம்மா புடவையை வரிந்து கட்டிச் சம்மட்டி அடித்த பகல்களும், துருத்தியின் இரைச்சலும், அடிக்கு அடி நடுங்கிய தொட்டித் தண்ணீரும் வந்தன. ஒன்றின் விளிம்பில் கட்டைவிரல் அளவு உடைசல் தெரிந்தது. தம்பி வயிற்றிலிருந்தபோது அம்மாவின் அடி தவறிய இடம். அதுதான் எங்களுடையது.

வீட்டுக்குக் கொண்டுவந்து, வளைந்த கேட் தாழ்ப்பாளை அதில் வைத்து அடித்தேன். பத்து அடியில் தோள் விட்டுப்போனது. தாழ்ப்பாள் பாதிதான் நிமிர்ந்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பள்ளிக்கூடம் கிளம்பும்போது "தலை பின்னி விடும்மா" என்று போய் நின்றால், "கையைத் தூக்க முடியலடி, நாளைக்கு" என்பாள் அம்மா. அவள் இருந்தவரை அதைச் சாக்கு என்றே நினைத்திருந்தேன்.