நட்டுக்கு அடியில் புதுப் பெயின்ட்

சென்ற மாதம் எங்கள் காரின் நான்கு சக்கரங்களையும் நானே கழற்றி, பெயின்ட் அடித்துப் பூட்டினேன். பதினாறு நட்டுகளையும் இரண்டு முறை எண்ணினேன். மறுநாள் மனைவியுடன் பதுளையிலிருந்து பூனாகலைக்குப் புறப்பட்டேன். மலை வளைவில் முன்சக்கரம் கடகடத்தது.

"வண்டி ஆடுதுங்க, நிப்பாட்டுங்க!"

"ரோடு அப்படி."

"போன வாரமும் இதே ரோட்டுலதானே வந்தோம்? எறங்கிப் பாருங்க."

இறங்கினேன். பள்ளத்தை ஒட்டிய அந்தச் சக்கரத்தின் நட்டுகள் கையாலேயே சுழன்றன.

"நாலும் இருக்கு" என்றேன்.

"எண்ணுனா போதுமா? இறுக்க வேணாமா?"

இறுக்கத்தான் செய்திருந்தேன். அடியிலிருந்த புதுப் பெயின்ட் நசுங்கி உரிந்ததால் பிடி தளர்ந்துவிட்டது.

இப்போதெல்லாம் சக்கரம் மாட்டும்போது நட்டு உட்காரும் இடத்தைச் சுரண்டிச் சுத்தமாக்கி, எதிரெதிர் நட்டுகளாக மாற்றி மாற்றி இறுக்குகிறேன். சக்கரத்தைத் தரையில் இறக்கியதும் மறுபடியும், சிறிது தூரம் ஓட்டியபின் இன்னொரு முறையும் இறுக்குகிறேன். அதுவரை மனைவியை வண்டியில் ஏற்றுவதே இல்லை.