பேனரில் தங்கையின் படம்

அவர் இறந்த செய்தி வந்தபோது நான் அம்பத்தூர் தொழிற்பேட்டையில், தரப்பரிசோதனை மேசையில் உட்கார்ந்து பேரிங் வளையங்களை அளந்துகொண்டிருந்தேன். சட்டைப்பையில் போன் விடாமல் அதிர்ந்தது. எங்கள் பழைய ரசிகர் மன்றத்தின் வாட்ஸ்அப் குழு. எடுத்துப் பார்த்துவிட்டு நேராகக் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். இதைச் சொல்லாமல் மற்றதை எழுதுவது யோக்கியமாகாது. அவர் எப்படிப்பட்டவர் என்று ஓரளவு தெரிந்திருந்தும் அழுதேன். அழுகை நம்மைக் கேட்டுக்கொண்டா வருகிறது?

அவர் இசையமைப்பாளர். அவருடைய மன்றத்தின் ஆவடிக் கிளைக்கு நான் பல வருடம் செயலாளர். நடிகனுக்கு மன்றம் வைக்கலாம், ஆர்மோனியம் வாசிக்கிறவருக்கு எதற்கடா என்று கேட்டவர்களோடெல்லாம் மல்லுக்கு நின்றிருக்கிறேன். அப்பா ராணுவத் தொழிற்சாலையில் ஃபிட்டர். குவார்ட்டர்ஸில் எங்களுக்கு எதிர்வீடு மதுரை, பக்கத்து வீடு நாகர்கோவில், மாடியில் சேலம். தண்ணீர் பிடிப்பதிலிருந்து கோலம் போடுவது வரை எல்லாவற்றுக்கும் சண்டை வரும். சாயங்காலம் யாராவது ஒருவர் வீட்டில் அவருடைய கேசட் ஓட ஆரம்பித்தால் மற்ற வீடுகளில் ரேடியோவை அணைத்துவிடுவார்கள். அப்பா செத்த வருடம் என்னைப் பைத்தியம் பிடிக்காமல் காப்பாற்றியது அந்தப் பாட்டுகள்தான். அந்தக் கடனை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

என் தங்கை பாடுவாள். என்னைவிட ஆறு வயது இளையவள். குவார்ட்டர்ஸ் மைதானத்தில் நடந்த ஒரு பொங்கல் விழாவுக்கு அவரைச் சிறப்பு விருந்தினராக அழைத்து வந்தோம். எங்கள் மன்றத்தின் வாழ்நாள் சாதனை அது. மேடையில் அவர் பாட்டையே அவர் முன்னால் தங்கை பாடினாள். அவர் கைதட்டிவிட்டு, கோரஸுக்கு இந்தப் பெண்ணை அனுப்புங்கள் என்றார். அன்று முழுவதும் நான் தரையில் நடக்கவில்லை. அவளுக்குப் பத்தொன்பது வயது.

மூன்று நாள் போனாள். நான்காம் நாள் காலையில் போகமாட்டேன் என்றாள். ஏன் என்று கேட்டேன். நான் ஒரு அண்ணனாகக் கேட்கவில்லை, மன்றச் செயலாளராகக் கேட்டேன் என்பது இப்போது புரிகிறது. ஊரே தவம் கிடக்கிற வாய்ப்பு, மன்றத்தின் மானம், இனி யார் முகத்தில் முழிப்பேன் என்று கத்தினேன். பிறகு நானே பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய் ஸ்டூடியோ கேட்டுக்குள் விட்டுவிட்டு, எதிர்ப்பக்க டீக்கடையில் அவருடைய கார் உள்ளே போவதைப் பார்க்க நின்றேன். பார்த்தேன். கும்பிடுகூடப் போட்டேன். மதியம் வெளியே வந்தவள் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வீடு வரும்வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அதற்குப் பிறகு அவள் எங்கேயும் பாடவில்லை. தாலாட்டுகூட அவள் வீட்டுக்காரர்தான் பாடினார்.

சில வருடங்களுக்கு முன்பு அவரோடு வேலை செய்த பெண்கள் இரண்டு மூன்று பேர் வாய் திறந்தார்கள். தங்கை வீட்டில் நான் டிவி பார்த்துக்கொண்டிருந்தேன், அவள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். ஒரு பெண் ரெக்கார்டிங் ஹாலுக்குப் பின்னால் இருந்த ஒரு சின்ன அறையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்ததும் தங்கை எழுந்து வந்து டிவியை அணைத்தாள். காபி போடட்டுமா என்று கேட்டாள். போடு என்றேன். குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரியும். அவ்வளவுதான் எங்களுக்குள் நடந்த பேச்சு. குழுவில் அந்தப் பெண்களை வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டிருந்தார்கள். நான் எதுவும் எழுதவில்லை. வெளியேறவும் இல்லை.

செய்தி வந்த அன்று பதினொரு மணி வாக்கில் குழுவில் ஒரு படம் வந்தது. கண்ணீர் அஞ்சலி பேனர். எங்கள் மன்றத்தின் பழைய பொருளாளர், என் நண்பன், ஆவடி மார்க்கெட் பக்கம் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கிறான். துக்க நேரத்திலும் அவன் மெஷின் ஓடும். மேலே இசையமைப்பாளர் கன்னத்தில் கைவைத்தபடி பெரிதாக இருந்தார். கீழே வழக்கம்போல மன்றத்தினரின் படங்கள் வரிசை வரிசையாக. மூன்றாவது வரிசையில் என் தங்கை, தாவணியில், கையில் மைக்கோடு. அந்தப் பொங்கல் விழாப் படத்திலிருந்து வெட்டி எடுத்திருந்தான். பேனர் கட்டப்பட்டிருந்தது ஆவடி பஸ் நிறுத்தத்தில். தங்கை சென்னீர்குப்பத்தில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை செய்கிறாள். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு அந்த நிறுத்தத்தில்தான் இறங்கி, பட்டாபிராமுக்கு வேறு பஸ் பிடிப்பாள்.

அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு ஓடினேன். ஆறு மணிக்குள் அந்தப் படம் அங்கே இருக்கக்கூடாது. எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

நண்பன் கடையில் கண் சிவந்து உட்கார்ந்திருந்தான்.

"வா மாமே. தலைவரே பூட்டாரு. இன்னிக்கி எவன் வேலை பாப்பான்?"

"தங்கச்சி படத்தை ஏன்டா போட்ட?"

"நம்ம மன்றத்துலேந்து அவரே கூப்ட்டு பாட வச்ச ஒரே ஆளு அது. அத்த போடாம யாரப் போடுறது?"

"அவளைக் கேட்டியா?"

"இத்தப் போயி கேப்பாங்களா? சந்தோசப்படும்பா."

"எடுத்துடுடா. அவளுக்குப் பிடிக்காது."

"ஏன்?" என்றான்.

அந்த ஒரு கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது, சொல்ல உரிமை இல்லை. அவள் என்னிடமே சொல்லாத ஒன்றை நான் எப்படி இன்னொருவனிடம் சொல்வது? இவனிடம் சொன்னால் சாயங்காலத்துக்குள் குழு முழுக்கத் தெரியும். பாதிப் பேர் அவளைப் பொய்க்காரி என்பார்கள், மீதிப் பேர் கும்பிடும் கை எமோஜி போடுவார்கள். சொல்லாவிட்டால் படம் இறங்காது. "படம் சரியா இல்லடா" என்றேன்.

அவன் முகம் தெளிந்துவிட்டது. இங்கே எங்கள் ஆட்களைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். பேனரைப் பற்றி எவன் குறை சொன்னாலும் அது தன் படத்தின் அளவைப் பற்றியதாகத்தான் இருக்கும். துணைத்தலைவர் படம் பொருளாளர் படத்தைவிடக் கால் அங்குலம் சிறிதாகப் போனதற்காகவே எங்கள் மன்றம் ஒருமுறை இரண்டாக உடைந்திருக்கிறது. வேறு காரணம் ஒன்று இருக்க முடியும் என்று அவனுக்கு எப்படித் தோன்றும்?

"அதானே பாத்தேன். சின்னதா பூட்ச்சினு வருத்தம். அவசரத்துல சைஸ் பாக்கல மாமே. உடு, நான் பாத்துக்குறேன்."

"அதில்லடா" என்றேன். அதற்குள் இரண்டு பேர் இன்னொரு அஞ்சலி பேனருக்கு வந்துவிட்டார்கள். என் கையில் ஒரு டீயைத் திணித்துவிட்டு அவன் திரும்பிக்கொண்டான். நின்று சட்டையைப் பிடித்துச் சொல்லியிருக்கலாம். டீயைக் குடித்தேன்.

வெளியே வந்து, அனுமதி இல்லாத பேனர்களைப் பற்றிப் புகார் சொல்ல ஏதோ ஒரு எண் உண்டே என்று தேடிப் பிடித்துக் கூப்பிட்டேன். பெயர் சொல்லவில்லை. எடுத்தவர் பொறுமையாகக் கேட்டார். "இரங்கல் பேனர்தானே சார், ரெண்டு நாள்ல அவங்களே எடுத்துடுவாங்க. சாவு விஷயம் பாருங்க" என்றார். அவர் குரலும் கம்மியிருந்தது. அவரும் ரசிகராக இருக்கலாம்.

நான்கு மணிக்குக் குழுவில் புதுப் படம் வந்தது. பழைய பேனருக்குப் பக்கத்தில் இன்னொன்று. இசையமைப்பாளர் ஆசீர்வதிப்பதுபோல் கையைத் தூக்கியிருக்க, அந்தக் கைக்கு நேர் கீழே ஆளுயரத்துக்கு என் தங்கை. 'மாமேதை கண்டெடுத்த எங்கள் குயில்' என்று எழுதி, கீழே அவள் பெயர். நண்பன் எனக்குத் தனியாகவும் ஒரு செய்தி அனுப்பியிருந்தான். இதற்குக் காசு வேண்டாமாம்.

ஐந்தரை மணிக்கே ஒரு ஆட்டோவைப் பேசி நிறுத்திவைத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் நின்றேன். அவளை இறங்கியதும் ஏற்றிக்கொண்டு போய்விடுவது என்று கணக்கு. முப்பது நாற்பது பேர் கூடியிருந்தார்கள். ஒரு மேசையில் மாலை போட்ட படம், பக்கத்தில் தட்டு நிறைய உதிரிப் பூ. ஸ்பீக்கரில் பாட்டு. இரண்டாவது சரணத்துக்கு முன்னால் வயலின்கள் எழும்பி வரும் இடத்தில் என் விரல்கள் தொடையில் தாளம் போட்டன. பாழாய்ப்போன மனுஷன், அப்படி ஒரு பாட்டை ஏன் போட்டுத் தொலைத்தான் என்று கோபம் கோபமாக வந்தது. விரல்கள் நிற்கவில்லை.

சென்னீர்குப்பம் வழியாக வரும் பூந்தமல்லி பஸ் வந்தது. தோளில் பையும் கையில் சாப்பாட்டுக் கூடையுமாக இறங்கினாள்.

"வாம்மா, ஆட்டோ நிக்குது. வீட்டுல விட்டுடறேன்."

"பாத்துட்டேண்ணா" என்றாள். "ஸ்கூல்ல மத்தியானமே போன்ல காட்டினாங்க. மேடம் நீங்களா இதுன்னு ஆளுக்கொரு தடவ கேட்டாங்க."

"நான் எடுக்கச் சொன்னேன்மா. அவன்தான்..."

முடிப்பதற்குள் நண்பன் பார்த்துவிட்டான். மைக்கில் அவள் பெயரைச் சொன்னான். எங்கள் தங்கச்சி வந்துவிட்டது, வழிவிடுங்கள் என்றான். கூட்டம் திரும்பிப் பார்த்து விலகியது. பழக்கடைக்காரம்மா ஒருத்தி பேனரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்து, "இன்னா அழகா இருந்துகீற தாயி" என்றாள். நண்பன் பூத்தட்டோடு வந்து நின்றான். நிஜமாகவே அவன் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"நீதாம்மா மொதல்ல பூ போடணும். அவரு ஆத்மா குளுந்துபூடும்."

தங்கை தட்டைப் பார்க்கவில்லை. திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். வேண்டாம்டா, அவள் போடமாட்டாள் என்று நான் ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அதற்குக் காரணம்கூடச் சொல்லத் தேவையில்லை. அண்ணன் சொன்னால் யாரும் எதிர்த்துக் கேட்கமாட்டார்கள். நாற்பது பேரும் காத்திருந்தார்கள், பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, அந்த அழுகிற முகத்தை எப்படி அவமானப்படுத்துவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். பிறகு என் வாய், "சட்டுனு போட்டுட்டு வந்துடும்மா" என்றது.

கூடையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். பூவை அள்ளி மேசை ஓரத்தில் போட்டாள், படத்தின்மேல் ஒன்றும் விழவில்லை. யாரும் அதைக் கவனிக்கவில்லை. இரண்டு வரி பாடேன்மா என்று நண்பன் மைக்கை நீட்டினான். "தொண்ட சரியில்லண்ணே" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாள். கைக்குட்டையால் உள்ளங்கையைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

பட்டாபிராம் பஸ் வந்து நின்றது. ஆட்டோவைக் காட்டினேன். தலையை ஆட்டி மறுத்தாள். என் கையிலிருந்து கூடையை வாங்கிக்கொண்டு, சாதாரணமாக, கடைக்குப் போய்விட்டு வந்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள்:

"அன்னிக்கி ஸ்டூடியோ கேட்டுல நின்னப்பவும் உன் மூஞ்சியத்தாண்ணா பாத்தேன். வா, வீட்டுக்குப் போலாம்னு சொல்லுவன்னு. இன்னிக்காவது சொல்லுவன்னு பாத்தேன்."

ஏறிக்கொண்டாள். இந்தப் பக்கம் ஜன்னலோரம் இடம் காலியாகத்தான் இருந்தது. அவள் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள். பஸ் போன பிறகும் அங்கேயே நின்றேன். நண்பன் பின்னால் வந்து என் தோளில் கை போட்டான்.

"தங்கச்சி இன்னா சொல்லுச்சி?"

"பேனர் நல்லா இருக்குன்னு சொன்னா" என்றேன்.