பூசைக்கு நிறுத்திய சர்வர்

ரெஜினா சர்வர் அறைக்குள் போனது அமிர்தவல்லியின் பிடிவாதத்தால். அதற்கு முன்னால் அவள் மாமல்லபுரத்தில் வரதன் நடத்திய லாட்ஜ் முன்பதிவு அலுவலகத்தின் வாசல் மேசையில் போன் எடுத்துக்கொண்டிருந்தாள். செங்கல்பட்டில் கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்தவளுக்கு, "சார் இல்லீங்க, அப்புறம் பண்ணுங்க" என்று சொல்வதுதான் உத்தியோகம். சதுரங்கப்பட்டினத்திலிருந்து பஸ்ஸில் வந்து போவாள். அவள் அம்மா நாற்று நடும் கூலியாக இருந்து, பிறகு அணுமின் நிலையக் குடியிருப்பில் பெருக்கும் வேலைக்கு மாறியவள். மகள் ஏசி அறையில் உட்காருகிறாளா என்பது மட்டும்தான் அந்தம்மாவுக்குத் தெரிய வேண்டியிருந்தது. வாசல் மேசைக்கு ஏசி கிடையாது.

சர்வரைப் பார்த்துக்கொண்ட ரோஹித் 2006 தொடக்கத்தில் சிறுசேரிக்கு வேலை மாறிப் போனதும் வரதன் சென்னைக் கம்பெனி ஒன்றைக் கூப்பிடப் பார்த்தார். அலுவலகக் கணக்கைக் கவனித்த அவர் மனைவி அமிர்தவல்லி குறுக்கே விழுந்தாள்.

"வாசல்ல ஒரு படிச்ச பொண்ணு குந்திகினு கீது. அத வுட்டுட்டு மெட்ராஸுக்குப் போன் போடறீங்க."

வரதன் ஒத்துக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. "ஒரு நாள் படுத்துக்கிச்சுன்னாலும் மெட்ராஸ்காரன்கிட்ட குடுத்துடுவேன் ரெஜினா. நீ பழையபடி போன் எடுக்கப் போயிடணும்."

ஆறு லாட்ஜ்களின் முன்பதிவும் அந்த ஒரே பெட்டிக்குள் இருந்தது. எந்த அறை யாருக்கு என்பதை ஒவ்வொரு லாட்ஜிலும் இணையப் பக்கமாகத் திறந்து பார்ப்பார்கள். அந்தப் பக்கத்தை எடுத்துக் கொடுக்கும் மென்பொருளைத்தான் சர்வர் என்பார்கள்; அது எழும்பும்போது அமைப்புக் கோப்பு ஒன்றைப் படிக்கும்: பக்கங்கள் எந்த ஃபோல்டரில் இருக்கின்றன, புகார்களை எங்கே எழுதி வைக்க வேண்டும், இப்படி. ஒரு தடவை படித்துவிட்டால், நிறுத்தி மறுபடி எழுப்பும்வரை கோப்பின் பக்கமே திரும்பாது. நடுவில் கோப்பில் யார் என்ன தப்பாக எழுதினாலும் அதற்குத் தெரியாது.

ரெஜினா இதை அறிந்தவள்தான். ஆனால் வரதனிடம் அது செல்லாது. ஆடி மாதம் கடப்பாக்கத்தில் புது லாட்ஜ் ஒன்று சேர்ந்தபோது, அதற்கான வரிகளை எழுதிவிட்டு, "ஒரு நிமிஷம் நிறுத்தி எழுப்பட்டுமா சார்?" என்று கேட்டாள்.

"கஸ்டமர் வந்துகினு இருக்காங்க. ஓடறத இன்னாத்துக்கு நிறுத்தற?"

கடப்பாக்கம் லாட்ஜும் அந்த வாரமே பின்வாங்கிக்கொண்டது. வரிகள் மட்டும் கோப்பில் கிடந்தன. அவளும் மறந்துபோனாள்.

ஆயுத பூசை வந்தது. அலுவலகத்தில் மின்சாரத்தில் ஓடும் எல்லாமே பூசைக்கு நின்றாக வேண்டும் என்பது அமிர்தவல்லியின் சட்டம். ஸ்கூட்டர், தண்ணீர் மோட்டார், ஜெராக்ஸ் மெஷின், சர்வர் எல்லாம். லாட்ஜ்களுக்கு அன்றைய பட்டியலை ஃபேக்ஸில் அனுப்பிவிட்டு ரெஜினா சர்வரை நிறுத்தினாள்.

"நிறுத்திட்டேன்க்கா. தொடச்சு முடிச்சதும் பெட்டிய ஆஃப் பண்ணிடுங்க," என்று அமிர்தவல்லியிடம் சொல்லிவிட்டுக் கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸைப் பிடித்தாள்.

விஜயதசமி காலை பெட்டியில் சந்தனம் காய்ந்திருந்தது. பொத்தானை அமுக்கியதும் திரை வந்தது, சர்வர் வரவில்லை. 'தொடங்க முடியவில்லை' என்று ஒரு சின்னக் கட்டம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. ஏன் என்று சொல்லவில்லை. வழக்கமாக அது தன் புகாரை எழுதி வைக்கும் ஃபோல்டரைத் தேடினாள். ஃபோல்டரே இல்லை.

விடுமுறைக் கூட்டம் சென்னையிலிருந்து ஈசிஆரில் இறங்கிக்கொண்டிருந்தது. வாசல் மேசை போன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

"வந்தவங்களுக்கு எந்த ரூம்னு தெரியாம லாட்ஜ்காரன் முழிக்கிறான்," என்று வரதன் அறைக்குள் வந்தார். காதில் செல்போன். மறுமுனையில் சென்னைக் கம்பெனி பிரவின்குமார். "எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போட்டுடலாம்றாரு. கெளம்பிட்டாரு."

"அழிச்சா தீபாவளி புக்கிங்கும் போயிடும் சார். அவர் வர்றதுக்குள்ள பாக்கறேன்."

"பாரு. வந்துட்டாருன்னா சீட்ட வுட்டு எழுந்துடு."

கட்டளை தட்டும் கறுப்புத் திரையைத் திறந்து, மென்பொருளைக் கையாலேயே எழுப்பிப் பார்த்தாள். அப்படி எழுப்பினால் புகாரை முகத்துக்கு நேரே சொல்லும். சொன்னது: இன்ன வரியில் ஒரு பகுதி திறந்திருக்கிறது, மூடப்படவில்லை. கோப்பைத் திறந்தாள். கடப்பாக்கம் லாட்ஜுக்கான வரிகள். ரோஹித்தாக இருக்கக்கூடாதா என்று ஒரு கணம் தோன்றியது. அவள் கை எழுதியதுதான். வரிகளை எடுத்துவிட்டு மறுபடி எழுப்பினாள்.

மறுபடியும் விழுந்தது. இந்தத் தடவை வேறு புகார். எழுதி வைக்க இடமில்லை, குறிப்பிட்ட ஃபோல்டரைக் காணோம்.

ஃபோல்டர் தானாகக் காணாமல் போகாது. சர்வர் ஓடும்போது அதை யாரும் அழிக்கவும் முடியாது. நிறுத்தியபின், பெட்டி அணைவதற்கு முன்னால் அழிக்கலாம். அந்த நேரத்தில் அறையில் இருந்தது ஒரே ஆள். ரெஜினா அதே பெயரில் காலி ஃபோல்டர் ஒன்றைப் போட்டாள். எழுப்பினாள். கறுப்புத் திரை எதுவும் சொல்லாமல் நின்றது. உலாவியில் அறைப் பட்டியல் விரிந்தது. கொஞ்ச நேரத்தில் வாசலில் போன் ஓய்ந்தது.

"யாரு பண்ண வேல இது?" என்றார் வரதன்.

அமிர்தவல்லி வாசற்படியில் பொரித் தட்டோடு நின்றாள். ரெஜினா தன் தப்பை மட்டும் சொன்னால் வாசல் மேசை நிச்சயம். இன்னொன்றைச் சொன்னால், இந்த நாற்காலியை வாங்கிக் கொடுத்தவளைக் காட்டிக் கொடுத்ததாகும். சொல்லாமல் விட்டால் அடுத்த பூசைக்கும் இதே கதி.

"ரெண்டு தப்பு சார். ஒண்ணு நான் ஆடியில எழுதினது. நிறுத்தி எழுப்பியிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். இன்னொண்ணு, நேத்து யாரோ ஒரு ஃபோல்டர அழிச்சிருக்காங்க."

"யாரோ இன்னா யாரோ?" என்றாள் அமிர்தவல்லி. "நான்தான். பூசைக்கு வெளிய மட்டும் தொடச்சா போதுமா? உள்ள பாத்தா ரோஹித் காலத்துக் குப்பையெல்லாம் அப்படியே கீது. தூக்கிப் போட்டேன்."

"வூட்டு பீரோன்னு நெனச்சியா?"

"வூட்டு பீரோவ நீங்க ஒரு நாளாவது ஒழிச்சிருந்தா கேளுங்க."

வரதன் ரெஜினாவிடம் திரும்பினார். "இனிமே படுத்துக்காதுன்னு சொல்லுவியா?"

"சொல்ல மாட்டேன் சார். மாசம் ஒரு தடவ, கூட்டம் இல்லாத காலையில நானே நிறுத்தி எழுப்பறேன். தப்பு இருந்தா நாம பாத்துகினு இருக்கும்போதே விழட்டும். அதுக்கு வுட்டா இங்க உக்காறேன். வுடலன்னா மெட்ராஸ்காரருக்கே குடுத்துடுங்க."

"ஓடறத நிறுத்தறதுக்கு ஒரு ஆளு, சம்பளம் வேற," என்று வரதன் சிரித்தார். சிரித்துக்கொண்டே போனில் எண்ணைத் தட்டினார். "தம்பி, எங்க கீற? கோவளமா? திரும்பிடு. எழுந்துக்கிச்சு. இல்லப்பா, நம்ம பொண்ணே பாத்துக்கும்."

அன்று சாயங்காலம் ரெஜினா இன்னொரு வேலை செய்தாள். சர்வர் பெட்டியில் அமிர்தவல்லியின் பெயருக்கு இருந்த அழிக்கும் உரிமையை எடுத்தாள். எடுப்பதற்கு முன்னால் போய்ச் சொன்னாள்.

"என் கடையில எனக்கே பூட்டா?"

"ஆமாக்கா. பாக்கலாம், படிக்கலாம். அழிக்க மட்டும் முடியாது."

அமிர்தவல்லி அவளோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள். தேவையானதை வாட்ச்மேனிடம் சொல்லி அனுப்பினாள். மாதம் முடிந்து கணக்கு எழுத வேண்டிய நாள் வந்தது. அறைக் கதவைத் திறந்துகொண்டு நின்றாள்.

"பிரிண்ட் எடுக்கவாவது உரிம கீதா, இல்ல அதையும் புடுங்கிட்டியா?"

"கீதுக்கா," என்றாள் ரெஜினா. நகர்ந்து இடம் விட்டாள். தன் நாற்காலியிலிருந்து மட்டும் எழுந்திருக்கவில்லை.